பிள்ளையை விடுவது: எதை, எப்போது, எந்த வரிசையில்

கேட்டவரின் நிலை இது. மகளுக்கு 17 வயது. இன்னும் 10 மாதத்தில் படிப்புக்காக வெளியூர் போய் விடுதியில் தங்கப் போகிறாள். மகனுக்கு 9 வயது. இருவருக்கும் இதுவரை எல்லாவற்றையும் அம்மாவே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். மகளை எப்படித் தயார்செய்வது, சின்னவனிடம் இப்போதே எதை மாற்றுவது, அவள் கிளம்பிய பிறகு தன் மனதை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறார்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். "அளவுக்கு மீறிப் பாசம் காட்டிவிட்டேன், அதனால்தான் அவளுக்குத் தனியாக இருக்கத் தெரியவில்லை" என்று நினைக்காதீர்கள். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவில் தாய்மார்களையும் கைக்குழந்தைகளையும் அவர்கள் வீடுகளிலேயே பல மாதங்கள் கவனித்தார். தாயை நம்பும் குழந்தை அவளை ஒரு தளமாக வைத்துக்கொண்டு சுற்றியுள்ள உலகத்தை ஆராயக் கிளம்புகிறது, பயந்தால் திரும்பி ஓடி வருகிறது, மறுபடி கிளம்புகிறது என்பதை அவர் அங்கே கண்டார். சில்வியா பெல்லுடன் சேர்ந்து 1972இல் அவர் வெளியிட்ட ஆய்வில், அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள் முதல் வயது முடியும்போது குறைவாகவே அழுதன. நெருக்கம் பிள்ளையைக் கட்டிப்போடுவதில்லை. பிள்ளையால் முடிகிற வேலையைத் தொடர்ந்து நாம் செய்துகொண்டிருப்பதுதான் கட்டிப்போடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் தாய்மார்கள், பிள்ளை பிரியும் காலம் நெருங்கும்போது திடீரென்று பாசத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், வேலையை மட்டும் வழக்கம்போல் செய்துகொண்டே இருக்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு.

டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1953இல் எழுதியது இதற்குப் பொருந்தும். தாய் தொடக்கத்தில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக வளைந்துகொடுக்கிறாள். பிறகு, அவள் உடனே வராததைத் தாங்கிக்கொள்ளும் திறன் குழந்தைக்கு வளர வளர, அந்த வளைந்துகொடுத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாள். எவ்வளவு குறைப்பது என்பதைப் பிள்ளையின் திறன் தீர்மானிக்கிறது. நம் களைப்போ கோபமோ ஊருக்குப் போகும் தேதியோ தீர்மானிப்பதில்லை. உங்களுக்குத் தேதி குறிக்கப்பட்டுவிட்டது என்பதால் இந்தக் குறைப்பை இன்றே தொடங்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எந்த வீட்டு வேலையையும் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று வேலைகள் இருக்கும். செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கவனிப்பது ஒன்று. எப்போது, எப்படி என்று முடிவெடுப்பது இன்னொன்று. கையால் செய்து முடிப்பது மூன்றாவது. பிள்ளைகளிடம் நாம் கொடுப்பது பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான். வாஷிங் மெஷினில் துணி போட மகளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நாளை மறுநாள் போட்டுக்கொள்ளத் துணி இருக்காது என்று அவள் ஒருமுறைகூடக் கவனித்திருக்க மாட்டாள், ஏனென்றால் அதற்கு முந்தின நாளே நீங்கள் சொல்லியிருப்பீர்கள். விடுதியில் அவள் தடுமாறப்போவது இந்த முதல் பகுதியில்தான். கை வேலை ஒரு நாளில் பழகிவிடும். கவனிக்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும்.

ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். மகளுக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொன்றையும், அதைவிட முக்கியமாக அவளுக்கு ஞாபகப்படுத்தும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுப்புவது, கட்டணக் கெடு, பல் மருத்துவரிடம் போகும் நாள், தீரப்போகும் சோப்பு, சார்ஜ் போடாத போன், மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியவை, கையெழுத்து வாங்க வேண்டிய படிவம், தோழியோடு வந்த பிணக்கில் என்ன பேசுவது என்பதுவரை எல்லாம் அதில் வரட்டும். வார முடிவில் அவளோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். "இவ்வளவு செய்கிறேன் பார்" என்ற தொனி வந்தால் அவள் காதை மூடிக்கொள்வாள். "இதெல்லாம் இனி உன்னுடையது, எதை முதலில் எடுத்துக்கொள்கிறாய்?" என்று கேளுங்கள்.

வரிசையில் ஒரு கணக்கு இருக்கிறது. 10 மாதத்தில் காலையில் எழுந்து பழக சுமார் 300 வாய்ப்புகள் கிடைக்கும். வாரம் ஒருமுறை துணி துவைக்க 40க்குச் சற்று அதிகம். மாதச் செலவை நடத்திப் பார்க்க வெறும் 10. சுற்று நீளமாக உள்ள பொறுப்பை முதலில் ஒப்படைக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. துணியிலும் சமையலிலும் தொடங்கி, பணத்தைக் கிளம்பும் நாளில் மொத்தமாகக் கையில் கொடுக்கிறார்கள்.

பணத்தை இப்படித் தொடங்கலாம். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை கொடுங்கள். அதில் சோப்பு, போன் ரீசார்ஜ், போக்குவரத்து, நோட்டு போன்ற கட்டாயச் செலவுகளும் சேர்ந்திருக்க வேண்டும். ஆசைச் செலவுக்கு மட்டும் கொடுத்தால் பணம் தீர்ந்துபோனாலும் அவள் வாழ்க்கையில் எதுவும் நிற்காது, அதனால் கற்றுக்கொள்ளவும் எதுவும் இருக்காது. 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். உணவு, மருந்து, பயணம் மூன்றுக்கும் முன்பணம் கிடைக்கும், அது அடுத்த இரண்டு மாதத் தொகையில் கழிக்கப்படும், மற்றவை காத்திருக்கும். பேசி வைத்தபின் மனம் இளகி நடுவில் கூடுதலாகக் கொடுத்தால், அம்மாவிடம் கேட்டால் கிடைக்கும் என்ற ஒன்றை மட்டும்தான் அவள் கற்றுக்கொள்வாள். வங்கிக் கணக்கை அவளே இயக்கட்டும். யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், ஓடிபியையும் பின் எண்ணையும் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அப்படி ஒரு அழைப்பு வந்தால் என்ன பதில் சொல்வாய் என்று நடித்தும் பாருங்கள்.

காலையில் எழுவதைப் பற்றி ஒரு விளக்கம். பருவ வயதில் உடலின் உறக்கக் கடிகாரம் பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் அவர்களுக்கு இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். தேவைப்படும் தூக்கமோ 8 முதல் 10 மணி நேரம். எனவே காலையில் எழ முடியாததைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுவது, அலாரத்தை எழுந்து நடந்துபோய் அணைக்கும்படி வைப்பது, வார விடுமுறையிலும் எழும் நேரம் ஒரு மணிக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் உதவும். நீங்கள் எழுப்புவதை நிறுத்துவதற்குத் தேர்வு இல்லாத, நெருக்கடி இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நாள் பொறுத்துவிட்டு நான்காம் நாள் எழுப்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பொதுத் தேர்வு நாட்களில் மட்டும் எழுப்புவேன் என்று விலக்கு வைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடல்நலத்தில் அவள் தன் ரத்த வகை, ஒவ்வாமை, போட்ட தடுப்பூசிகள், சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அதற்கடுத்த முறை வெளியே உட்காருங்கள். வீட்டிலேயே எடுக்கும் மருந்துகளில் பாரசிட்டமாலைப் பற்றித் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஒருமுறைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், இரண்டு முறைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை குறைவாக இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு, அதை மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டும். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து வேறு பெயரில் இருப்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிவிடும். மூச்சுத் திணறல், கழுத்து விறைப்போடு காய்ச்சல், மனக் குழப்பம் ஆகியவை வந்தால் வீட்டுக்குப் போன் செய்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அவள் மனதில் பதிந்திருக்கட்டும்.

ஒவ்வொரு வேலையையும் ஐந்து படிகளில் கைமாற்றலாம். நீங்கள் செய்ய அவள் பார்ப்பது, இருவரும் சேர்ந்து செய்வது, அவள் செய்ய நீங்கள் பக்கத்தில் இருப்பது, அவள் செய்துவிட்டு உங்களிடம் சொல்வது, அவள் செய்வதை நீங்கள் கேட்காமலே இருப்பது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல் எழுதிய கட்டுரையில், கற்பவருக்குத் தரும் இத்தகைய உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரமாகக் கண்டார்கள். சாரத்தைக் கட்டுவதே பிறகு பிரிப்பதற்காக. நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் மூன்றாம் படியில் நின்றுவிடுகின்றன. பிள்ளை செய்கிறது, அம்மா பக்கத்தில் நின்று "அப்படி இல்லை, இப்படி" என்கிறார். நான்காம் படிக்குப் போக மன உறுதியை நம்பாதீர்கள். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். கண்ணில் பட்டால் வாய் சும்மா இராது.

இது எங்கே கெட்டுப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாக்கள் அயர்ந்துபோவது அங்கேதான். முதல் சில நாட்களின் உற்சாகம் வடிந்தபின் பிள்ளை ஒருநாள் கோட்டை விடும். அது வரும் என்று எதிர்பார்த்திருங்கள். அந்த இடத்தில் "உன்னை நம்பிக் கொடுத்தேன் பார்" என்று வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் இரண்டு மாத உழைப்பு வீணாகிவிடும். அடுத்தது, பிள்ளை மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பது. அவள் பார்க்காதபோது செய்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, கேள்வியாக வேடம் போட்ட ஞாபகப்படுத்தல். "துவைச்சிட்டியா?" என்று கேட்பதும் ஞாபகப்படுத்துவதுதான். கவனிக்கும் பொறுப்பு அந்தக் கேள்வியோடு உங்களிடமே திரும்பி வந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட அதிகம் காயப்படுத்துவது நான்காவது. சண்டை முற்றிய நேரத்தில் "இனிமே எல்லாத்தையும் நீயே பார்த்துக்கோ" என்று மொத்தமாகத் தூக்கிப் போடுவது. பொறுப்பு என்பது அம்மாவுக்குக் கோபம் வந்தால் கிடைக்கும் தண்டனை என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிட்டால், பிறகு அன்போடு கொடுத்தாலும் அது தண்டனையாகவே தெரியும். அமைதியான நாளில் கொடுங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள்.

எதை விடக் கூடாது என்பதும் இதில் அடக்கம். சரிசெய்யக்கூடிய தவறு எது, சரிசெய்ய முடியாதது எது என்று கேட்டுப் பாருங்கள். தீர்ந்த பணம், சாயம் ஏறிய துணி, குறைந்த மதிப்பெண், தவறவிட்ட கெடு இவற்றையெல்லாம் சரிசெய்யலாம், ஆகவே விடலாம். உயிர், உடல், கடன், சட்டச் சிக்கல் ஆகியவற்றில் 17 வயதுக்கு இன்னும் நம் துணை வேண்டும். திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் பருவ வயதினர் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அதிகத் துணிச்சல் காட்டினார்கள். தனியாக இருக்கும்போது நிதானமாக யோசிக்கும் பெண்ணும் கூட்டத்தில் அப்படி யோசிக்க மாட்டாள் என்று வைத்துக்கொண்டு, அந்தச் சூழல்களை முன்பே பேசிவிடுங்கள். குடித்திருப்பவர் ஓட்டும் வண்டியில் ஏறக் கூடாது. எந்த நேரமானாலும் எங்களை அழைக்கலாம். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். கடைசி வாக்கியத்தைச் சொன்னால் காப்பாற்றியே ஆக வேண்டும்.

மகள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் போனைத் துருவுவதும் இருப்பிடத்தைப் பின்தொடர்வதும் பயன்படுமா என்ற கேள்வி இங்கே தவறாமல் வரும். ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவானது. பெற்றோருக்குத் தெரிந்திருந்த விஷயங்களில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாகச் சொன்னதால் தெரிந்தது. கண்காணித்ததால் தெரிந்தது குறைவு. ஆகவே அவள் சொல்வதற்கு வழி விடுவதில்தான் நம் உழைப்பு போக வேண்டும். அவள் ஒன்றைச் சொன்னவுடன் முதல் சில நொடிகளில் உங்கள் முகம் காட்டுவது அடுத்ததைச் சொல்வாளா மாட்டாளா என்பதை முடிவுசெய்கிறது. "நான் கேட்டுக்கிட்டா போதுமா, யோசனையும் வேணுமா?" என்று கேட்கப் பழகுங்கள். கேட்டால் போதும் என்றால் யோசனையை விழுங்கிவிடுங்கள்.

சின்னவனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், முறை ஒன்றுதான். 9 வயதில் பை அடுக்குவது, வீட்டுப்பாடத்தை ஞாபகம் வைத்திருப்பது, குளிப்பது, அறையைப் பார்த்துக்கொள்வது, நண்பர்களுடனான சின்னச் சண்டைகள் எல்லாம் அவனுடையவை. மறந்து போன நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். சாலை மட்டும் வேறு கணக்கு. வரும் வாகனத்தின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்து மதிப்பிடுவது இந்த வயதில் இன்னும் கைகூடியிருக்காது. ஆகவே குறிப்பிட்ட ஒரு வழியில் அவன் முன்னே நடக்க, நீங்கள் சில அடி பின்னே வர, எப்போது கடப்பது என்பதை அவன் வாய்விட்டுச் சொல்லட்டும். பல நாள் பிசகில்லாமல் சொன்னபிறகு அந்த ஒரு வழிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இருட்டு, தனியாகத் தூங்குவது போன்ற பயங்களில், பயப்படும் நிலை வராமலே நாம் தடுத்துக்கொண்டிருந்தால் பயம் வளரும். யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய முறையில் பிள்ளைக்குச் சிகிச்சை இல்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020இல் வெளியான ஒப்பீட்டில் அது பிள்ளைக்கே தரும் உளச்சிகிச்சைக்கு ஈடாக இருந்தது. அதன் சாரம் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு செய்திகள்: "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. அதை உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்." முதல் செய்தியை மட்டும் சொன்னால் பிள்ளை ஒட்டிக்கொள்வான். இரண்டாவதை மட்டும் சொன்னால் தனித்துப்போவான்.

மகள் கிளம்புவதற்கு முன் குறைந்தது இரண்டு முறையாவது சில நாட்கள் உறவினர் வீட்டிலோ முகாமிலோ நீங்கள் இல்லாமல் இருந்து பழகட்டும். வீட்டு ஏக்கம் பற்றி கிறிஸ்டோபர் தர்பரும் எட்வர்ட் வால்டனும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புக்காக 2007இல் எழுதிய அறிக்கை இந்தப் பழக்கத்தைப் பரிந்துரைக்கிறது. "பிடிக்கலைன்னா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் அது எச்சரிக்கிறது. அப்படிச் சொன்னால் முதல் அழுகையிலேயே அவள் மனம் திரும்பும் வழியைத் தேடத் தொடங்கும், அங்கே பழகிக்கொள்ளும் வேலை நின்றுவிடும். "வீட்டை நினைச்சு அழுகை வரும், எல்லோருக்கும் வரும், நாளாக நாளாகக் குறையும்" என்று சொல்லி அனுப்புங்கள்.

போன் பேசுவதை முன்பே முடிவு செய்யுங்கள். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் நிலையான நேரம் போதும். நடுவில் அவளாக அழைத்தால் எப்போதும் எடுங்கள். நீங்களாக அழைப்பதைக் குறையுங்கள். இரவு 11 மணிக்கு அழுதுகொண்டே அழைப்பாள். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கிப்போவாள், நீங்கள் விடியும்வரை விழித்திருப்பீர்கள். அந்த இரவில் யாரையும் அழைக்காதீர்கள், டிக்கெட் போடாதீர்கள். மறுநாள் மாலை பேசுங்கள். தூக்கம், சாப்பாடு, வகுப்புக்குப் போவது, பேச ஒரு ஆள் கிடைத்ததா என்ற நான்கையும் கேளுங்கள். நான்கில் மூன்று நடந்தால் காத்திருக்கலாம். 4 முதல் 6 வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் வகுப்பும் கெட்டே இருந்தால் நேரில் போங்கள், ஆலோசகரையும் பார்க்கச் செய்யுங்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரியான பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. யாராவது அவளோடு இருக்கும்படி செய்துவிட்டு அன்றே உதவி தேடுங்கள்.

உங்கள் மனம். இது வலிக்கும், வலிப்பதில் தவறில்லை. நம் நாளின் எந்தெந்த மணி நேரங்கள் அவளால் நிரம்பியிருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். காலை பரபரப்பா, மாலை அவள் வந்தவுடன் நடக்கும் பேச்சா? காலியாகப்போகும் அந்த மணிகளுக்கு அவள் போகும் முன்பே வேறு பழக்கத்தை நட்டுவிடுங்கள், ஏனென்றால் போனபின் புதிதாக எதையும் தொடங்கும் தெம்பு இருக்காது. காலியான நேரத்தை முழுவதும் சின்னவன் மேல் கொட்டிவிடும் ஆபத்து நிஜமானது. அக்கா போன மாதத்தில் அவனிடமிருந்து எந்த வேலையையும் திரும்ப வாங்காதீர்கள். சாரா கோர்ச்சாஃப் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின் பெண்களுக்குத் தாம்பத்தியத்தில் நிறைவு கூடியிருந்தது. இருவரும் சேர்ந்திருக்கும் நேரத்தின் அளவு கூடியதைவிட அந்த நேரத்தின் தரம் கூடியதே அதற்குக் காரணம். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. தனியாக வளர்த்தவர்களுக்கும், மாதவிடாய் நிற்கும் காலமும் பிரிவும் ஒன்றாக வந்து விழுபவர்களுக்கும் பாரம் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருந்தால், தூக்கமும் பசியும் மாறி எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரிடம் பேசுங்கள்.

அந்த வலியை மகளிடம் இறக்கிவைக்க வேண்டாம். "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்று நீங்கள் அன்பாகச் சொல்வது, அங்கே அவள் சிரித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் குற்ற உணர்வாக மாற்றும். கணவரிடம், அக்கா தங்கையிடம், தோழியிடம் சொல்லி அழுங்கள்.

முதல் விடுமுறைக்கு அவள் வரும்போது எழும் நேரம், சாப்பிடும் நேரம், பேச்சு எல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சீராட்டுங்கள், அதற்காகத்தான் ஏங்கி வந்திருப்பாள். பணமும் துணியும் காலையில் எழுவதும் மட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும். அவள் அறையில் எதையாவது மாற்றுவதாக இருந்தால் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு வரத் தாமதமானால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்கு மட்டுமான கட்டுப்பாடாக வைக்காமல், நீங்களும் அவள் அப்பாவும் கடைப்பிடிக்கும் பொது விதியாக வையுங்கள், தயங்காமல் ஏற்றுக்கொள்வாள்.